பதவி உயர்வுக் கோப்பில் இடம்பெறாத பணிகள்

மருத்துவக் கல்லூரி ஆசிரியரின் பணி மூன்று கிளைகள் கொண்டது: நோயாளிக்குச் சிகிச்சை அளித்தல், மாணவருக்குக் கற்பித்தல், புதிய அறிவைத் தேடுதல். நாளின் பெரும்பொழுதை முதல் இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. பதவி உயர்வு என்று வரும்போதோ, பணியாண்டுகளையும் கட்டாயப் பயிற்சிகளையும் நீக்கிப் பார்த்தால், மூன்றாவது கிளை மட்டுமே கணக்கில் வருகிறது. அதிலும் ஆய்விதழில் அச்சேறிய பகுதிக்கு மட்டுமே மதிப்பு.

மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரையிலான ஊர்களுக்கு மருத்துவ மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியன் என்ற முறையில், இந்தக் கணக்கில் எவையெல்லாம் விடுபடுகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். விடுபடுவதால் ஆசிரியருக்கு ஏற்படும் இழப்பு ஒரு பதவியோடு முடிந்துவிடும். ஏரிக்கரை மக்களுக்கு ஏற்படும் இழப்பு அதைவிடப் பெரிது. ஆகவே, இன்றைய விதி என்ன, விடுபடும் பணியை ஆவணப்படுத்த உலகம் கண்ட வழி என்ன, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இங்கே தொகுத்துக் கூற விரும்புகிறேன்.

விதி சொல்வது என்ன?

மருத்துவ ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டாயமாக்கிய இந்திய மருத்துவக் கவுன்சில், 2015 செப்டம்பரில் ஒரு விளக்கக் குறிப்பை வெளியிட்டது. மூல ஆய்வுக் கட்டுரைகள் மட்டுமே ஏற்கப்படும், முதல் இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே மதிப்பு உண்டு, மின்னிதழ்கள் கணக்கில் வாரா என்பன அதன் சாரம். இந்திய மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சங்கம் இதைக் கடுமையாக விமர்சித்தது. உலகமே இணையத்துக்கு மாறிய காலத்தில் மின்னிதழை விலக்குவது எப்படிச் சரியாகும் என்று கேட்டது. தரக் கட்டுப்பாடு குறித்து ஐயத்துக்குரிய ஓர் அட்டவணையை ஏற்றதையும் சுட்டிக்காட்டியது.

2020 செப்டம்பரில் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அது 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகள் சற்று விரிந்தவை. மூல ஆய்வுக் கட்டுரை, தொகுப்பாய்வு, முறைசார் மீளாய்வு, நோயாளர் தொடர் விவரணை ஆகிய நான்கு வகைகள் ஏற்கப்பட்டன. மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், எம்பேஸ், ஸ்கோபஸ் போன்ற குறிப்பிட்ட அட்டவணைகளில் இடம்பெற்ற இதழ்களில் அவை வெளிவந்திருக்க வேண்டும். ஆசிரியர் முதல் மூவரில் ஒருவராகவோ, தொடர்புக்குரிய ஆசிரியராகவோ இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக நான்கு ஆண்டுப் பணியும் இரண்டு கட்டுரைகளும் வேண்டும். இணைப் பேராசிரியர் பேராசிரியராக மேலும் மூன்று ஆண்டுகளும், மொத்தம் நான்கு கட்டுரைகளும் வேண்டும். மருத்துவக் கல்வித் தொழில்நுட்பம், உயிர்மருத்துவ ஆய்வு ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சிகளும் கட்டாயம்.

2025 ஜூலைத் தொடக்கத்தில் வெளியான புதிய விதிகள் வேறொரு கதவைத் திறந்தன. 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளில் பத்தாண்டுகள் பணியாற்றிய முதுநிலைப் பட்ட மருத்துவர்கள் இணைப் பேராசிரியராகத் தகுதி பெறலாம் என்றாயிற்று. சிகிச்சை அனுபவத்தையும் ஆணையம் மதிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஆனால், இங்கும் எண்ணப்படுவது ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளில் அவர் என்ன உருவாக்கினார் என்று கேட்க விதியில் இடமில்லை.

ஏரிக்கரையில் நடப்பது

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் தடத்தில் உள்ள மீஞ்சூரிலிருந்து, பொன்னேரி வழியே பழவேற்காட்டை அடையலாம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. 2021-22 கல்வியாண்டில் வந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சில குடும்பங்களின் நலனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பாடநூலில் படித்த மருத்துவம் இத்தகைய ஊர்களில் எப்படித் தடுமாறும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, உணவு அட்டவணை. காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி, அதற்கு முன் மாத்திரை என்று நீரிழிவு நோயாளிக்கு அச்சிட்ட தாளைக் கொடுக்கிறோம். அதிகாலை மூன்று மணிக்குப் படகேறி, முற்பகலில் கரை சேர்ந்த பிறகே சாப்பிடும் மீனவருக்கு அந்தத் தாளால் பயனில்லை. அதை அப்படியே பின்பற்ற முயன்றால் நடுநீரில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழும் ஆபத்தும் உண்டு. அவர் தொழில் நேரத்துக்கேற்ற அட்டவணையைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, மறுபரிசோதனை நாள். பழவேற்காட்டு மீனவர்களிடையே 'பாடு' என்ற முறை உண்டு. ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களில் யார், எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. தம் முறை வரும் நாளைத் தவறவிட்டால் அந்த வருமானம் போயிற்று. மருத்துவமனை சொன்ன செவ்வாய்க்கிழமையும் பாடும் ஒரே நாளில் வந்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 'ஒத்துழைக்காத நோயாளி' என்று நாம் குறித்துவைக்கும் மனிதர், உண்மையில் தம் ஊரின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர். பாட்டு வரிசையைக் கேட்டறிந்து மறுவரவு நாளைக் குறிக்கும் பதிவேடு ஒன்றை அமைப்பது எளிது. ஆனால், அதை முதலில் யாராவது யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, காயங்கள். ஏரியின் ஆழமற்ற நீரில் இருளர் பெண்கள் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போட, பல்லில் கவ்விய கூடையோடு நீரில் தவழ்கிறார்கள். கிளிஞ்சல் கிழிப்பதும், திருக்கை அல்லது கெளிற்றின் முள் குத்துவதும் இங்கே சாதாரணம். இந்த முட்களின் நச்சு வெப்பத்தில் செயலிழக்கக்கூடியது. பொறுக்கத்தக்க சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்திவைத்தால் வலி தணியும். குத்துபட்ட கை மரத்திருக்கலாம் என்பதால் நீரின் சூட்டை மறுகையால்தான் பார்க்க வேண்டும். முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்க்கவும், ரணஜன்னித் தடுப்பூசிக்காகவும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி, கல்லீரல் நோய் உள்ளவரின் உடலில் சிறு கீறல் வழியே புகுந்தாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். இவற்றை இவ்வூர் மக்களின் சொற்களில் விளக்கும் ஒரு துண்டறிக்கை, ஒரு தெருமுனை நாடகம், ஐந்து நிமிடக் காணொளி ஆகியவை உயிர்காக்கும் படைப்புகள்.

அட்டவணை, பதிவேடு, துண்டறிக்கை, நாடகம் ஆகிய நான்கில் எதுவும் பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஏறாது. ஏறாததால் எவரும் அவற்றை எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்காததால், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் அவர் கற்றதும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் எட்டு மணிச் சிற்றுண்டித் தாளிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.

பதிவு செய்ததால் நின்றவை

இதற்கு மாறான முன்னுதாரணங்கள் தமிழ் நிலத்திலேயே உள்ளன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டது: காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, அவர் வீட்டிலேயே முடியாதா? நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழை நோயாளிகள் ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர். வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல, உடன் வாழும் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்ற முடிவுகள், 1959 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயின. உலகின் காசநோய்ச் சிகிச்சை திசைமாற இந்த ஆய்வு முக்கியக் காரணம். சென்னைத் தெருக்களில் வீடுவீடாகச் சென்று மருந்து கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல தொண்டாக மட்டும் முடிந்திருக்கும். முறையாகப் பதிவு செய்ததால் அது உலகின் அறிவாயிற்று.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், தம் பட்ட ஆய்வேட்டுக்காக இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. மிகக் குறைந்த வசதிகளோடு ஒரு மாணவி செய்த ஒழுங்கான பதிவின் பயன் அது.

இவ்விரண்டும் ஆய்வுகள், இன்றைய விதிக்குள் ஓரளவு அடங்கிவிடும். அடங்காத ஒருவரையும் சொல்ல வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். 1860-களில் அவர் தமிழிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் தமிழ் நூல்களை உருவாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார், 1873-இல் தாயகம் திரும்பினார். 2022 விதிகளின்படி மதிப்பிட்டால் இந்த வாழ்நாள் உழைப்புக்கு மதிப்பெண் பூஜ்யம். பாடநூலும் மொழிபெயர்ப்பும் கலைச்சொல்லாக்கமும் அந்த நான்கு வகைகளில் எதிலும் சேரா.

உலகம் கண்ட வழி

இந்தச் சிக்கல் நம்முடையது மட்டுமல்ல. 1990-இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் வெளியிட்ட அறிக்கை, புலமைப்பணி என்றால் புதியன கண்டுபிடித்தல் மட்டும்தானா என்று கேட்டது. கண்டறிதல், பல துறை அறிவை இணைத்தல், அறிவைச் சமூகத்தில் பயன்படுத்துதல், கற்பித்தல் என்று நால்வகைப் புலமையை அது வரையறுத்தது. அதன்பின் பல அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள், சிகிச்சையிலும் கற்பித்தலிலும் சிறந்தவர்களுக்கெனத் தனிப் பதவி உயர்வுப் பாதையை வகுத்தன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2005-இல் தொடங்கிய மெட்எட்போர்ட்டல், பாடத்திட்டங்களையும் பயிற்சிப் பொருள்களையும் சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப்பின் வெளியிடுகிறது.

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில் 'படைப்புசார் தொழில்முறைப் பணி' என்றே ஒரு பதவி உயர்வு வகை இருக்கிறது. சிகிச்சை முறையில் புதுமை, தொழில் வளர்ச்சிக்கான பங்களிப்பு, பிறர் பின்பற்றத்தக்க முன்மாதிரிப் பணி ஆகியவை அதில் அடங்கும். சும்மா பட்டியலிட்டால் போதாது. அந்தப் பணி பிறர்மீது ஏற்படுத்திய தாக்கத்தை ஆவணங்களோடு காட்ட வேண்டும்.

ஆறு கேள்விகள்

எல்லாப் பணியையும் புலமை என்று ஏற்றுவிட முடியாது. பாயரின் கருத்தைத் தொடர்ந்து 1997-இல் சார்லஸ் கிளாசிக்கும் உடனாசிரியர்களும் ஆறு அளவுகோல்களை முன்வைத்தனர். கெளிற்று முள் குத்துக்கான துண்டறிக்கையை ஓர் ஆசிரியர் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொண்டு அவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

நோக்கம் தெளிவானதா? 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்பது நோக்கமாகாது. 'குத்துபட்டவர் மருத்துவமனைக்கு வருமுன் வெந்நீர் முதலுதவி பெற்றிருக்க வேண்டும்' என்பது நோக்கம்.

தக்க ஆயத்தம் இருந்ததா? மருத்துவ இலக்கியத்தைப் படித்ததோடு, மீனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், முள்ளையும் மீனையும் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டறிந்த குறிப்பும் வேண்டும்.

முறை பொருத்தமானதா? முதல் வரைவைச் சிலரிடம் படித்துக்காட்டி, புரியாத சொற்களை மாற்றிய விவரம் இங்கே வரும். மாற்றத்துக்கு முந்தைய படியையும் காத்துவைக்க வேண்டும்.

விளைவு குறிப்பிடத்தக்கதா? இதற்கு அடிப்படைக் கணக்கு தேவை. துண்டறிக்கைக்கு முந்தைய ஆறு மாதங்களில், குத்துபட்டு வந்தவர்களுள் எத்தனை பேர் வெந்நீர் முதலுதவி பெற்றிருந்தனர், பிந்தைய ஆறு மாதங்களில் எத்தனை பேர் என்று விபத்துப் பிரிவுப் பதிவேடு சொல்ல வேண்டும். பதிவேட்டில் அதற்கெனப் புதிய ஒரு கட்டம் சேர்ப்பதுதான் பெரும்பாலும் முதல் வேலையாக இருக்கும்.

பிறரிடம் சென்று சேர்ந்ததா? வேறு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அதைப் பயன்படுத்தினால், அந்த மருத்துவ அலுவலரின் கடிதமே சான்று.

திரும்பிப் பார்த்தாரா? எது பலிக்கவில்லை, அடுத்த பதிப்பில் எது மாறும் என்ற ஒரு பக்கக் குறிப்பு, நல்ல கோப்பை வெறும் விளம்பரத்திலிருந்து பிரித்துக்காட்டும்.

கோப்பைப் பேணுதல்

பதவி உயர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் பழைய தாள்களைத் தேடுவது நம்மிடையே வழக்கம். அப்போது சான்றிதழ்கள் கிடைக்கும். பணி நடந்த விதத்துக்கான தடயம் கிடைக்காது. ஒவ்வொரு பணிக்கும் அது தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கத் தாள் திறப்பது நல்லது. தேதி, எழுந்த கேள்வி, உடன் பணியாற்றியவர்கள், அவர்களுள் தம் பங்கு என்ன என்பவை அதில் இருக்கட்டும். செவிலியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் மாணவரும் செய்த பங்கை அவர்கள் பெயரில் எழுதுவது நேர்மை மட்டுமன்று, கோப்பின் நம்பகத்தன்மைக்கும் வலுச் சேர்ப்பது.

கற்பித்தலுக்கும் சான்று உண்டு. மாணவர் கருத்துப் படிவங்களின் சுருக்கம், வகுப்பை உடனிருந்து பார்த்த சக ஆசிரியரின் குறிப்பு, தாம் வடிவமைத்த தேர்வு முறையின் மாதிரி, வழிகாட்டிய மாணவர்களின் பிற்காலப் பணி ஆகியவற்றை ஆண்டுதோறும் சேர்க்கலாம்.

படைப்புகளைப் பொதுவெளியில் நிலைநிறுத்தப் பெரும் செலவு தேவையில்லை. நூலாக அச்சிட்டால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் பன்னாட்டுத் தர நூல் எண்ணை இலவசமாகப் பெறலாம். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும். நூல் நிலைத்திருக்க அதுவே நல்ல உறுதி. துண்டறிக்கை, காணொளி, பாடத்திட்டம் போன்றவற்றைச் செனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் இட்டால் நிலையான மின்னடையாள எண் கிடைக்கும். ஆர்க்கிட் எண் ஒன்றைப் பெற்று அனைத்தையும் அதன்கீழ் தொகுத்துவிட்டால், பெயர்க் குழப்பம் இராது. தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறி மாறி அச்சாகும் தமிழர்களுக்கு இது சிறப்பாகப் பயன்படும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நானூறு பேர் வாழும் ஒரு குப்பத்தில், பெயரை நீக்கிவிட்டால் மட்டும் நோயாளியின் அடையாளம் மறைந்துவிடாது. வயதும் தொழிலும் நோயும் சேர்ந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். புகைப்படத்துக்கும் காணொளிக்கும் எழுத்துமூல ஒப்புதலும், தரவு திரட்டும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இன்றி எந்தக் கோப்பும் முழுமையாகாது. மக்களின் துன்பம் நம் கோப்புக்கான பொருளன்று. எழுதியதை முதலில் அவர்களுக்கே படித்துக்காட்டுவது நல்ல வழக்கம்.

ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள்

'இதையெல்லாம் ஏற்றால் தரம் தாழும், வேண்டியவருக்கு வேண்டியபடி மதிப்பெண் போடுவார்கள்' என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதல்ல. அட்டவணை இதழ் என்பது வெளியாரின் அளவுகோல். சிபாரிசுக்கு எளிதில் வளையாது. ஆனால், எண்ணிக்கைக் கட்டாயம் வேறொரு சந்தையை வளர்த்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடின்றி அச்சிடும் போலி ஆய்விதழ்களும், பங்களிப்பின்றிப் பெயர் சேர்க்கும் வழக்கமும் மருத்துவ உலகம் அறிந்தவை. முதல் மூவருக்கே மதிப்பு என்பதால், எட்டுப் பேர் சேர்ந்து செய்யவேண்டிய கள ஆய்வில் நான்காவது பெயராக இருக்க எவரும் விரும்புவதில்லை.

ஆகவே, ஆய்வுக் கட்டுரையை நீக்கிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேராசிரியர் நிலைக்குத் தேவையான நான்கில் ஒன்றுக்கு மாற்றாக, சக அறிஞர்களால் மதிப்பிடப்பட்ட பணித்தொகுப்பு ஒன்றை ஆணையம் ஏற்கலாம். மதிப்பிடுவோர் வேறு கல்லூரியினராக, முடிந்தால் வேறு மாநிலத்தவராக இருக்கட்டும். மதிப்பீட்டுக் குறிப்பு பொதுவில் வெளியிடப்படட்டும். சிபாரிசுக்கு அதைவிட நல்ல மருந்தில்லை. தமிழில் உருவாகும் நோயாளர் கல்விப் பொருள்களுக்கு, மாநிலத்தின் மருத்துவப் பல்கலைக்கழகம் மதிப்பீட்டுடன் கூடிய ஒரு களஞ்சியத்தை அமைக்கலாம். அப்படியொன்று வந்தால், பழவேற்காட்டில் எழுதிய முதலுதவித் தாளை நாகப்பட்டினமும் இராமநாதபுரமும் தங்கள் சொல்வழக்குக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்திக்கொள்ளும்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினோரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திருவள்ளூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் ஆகிய மூன்று கடலோர மாவட்டங்களும் அவற்றில் அடங்கும். அங்கே உதவிப் பேராசிரியர்களாகச் சேர்ந்தவர்கள் இப்போது தங்கள் முதல் பதவி உயர்வுக் கோப்பைத் தயாரிக்கும் கட்டத்தில் இருக்கிறார்கள். விதி மாறும்வரை காத்திராமல், இரண்டு கட்டுரைகளோடு மூன்றாவதாக ஒரு பணித்தொகுப்பையும் அவர்கள் உருவாக்க வேண்டும். பதவி உயர்வுக் குழு அதைப் புரட்டாமல் போகலாம். அந்த ஊருக்கு அடுத்து வரும் மருத்துவர் நிச்சயம் புரட்டுவார்.